கையில போன் இருக்கா: ஒரு குட்டி ஊர் போட்ட சட்டமும் 24 வருஷக் காத்திருப்பும்

இந்த எபிசோடை ஒரு ஒப்புதல் வாக்குமூலத்தோட ஆரம்பிக்கணும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். வேளச்சேரியில இருந்து ஸ்கூட்டர்ல போயிட்டு இருந்தேன். ஃப்ரெண்டைப் பார்க்கப் போறேன், ஏற்கெனவே லேட். போன் அதிர்ந்துச்சு. "எங்க இருக்க?"னு மெசேஜ். ரோடு காலியாத்தான் இருந்துச்சு. ஒரு கையில ஹேண்டில்பார், இன்னொரு கை கட்டைவிரல்ல "வந்துட்டே இருக்கேன்"னு டைப் பண்ணேன். அனுப்பிட்டு நிமிர்ந்தா, கையெட்டும் தூரத்துல ஒரு இளநீர் வண்டி. அதைத் தள்ளிட்டு ஒரு பெரியவர் ரோட்டைக் கடந்துட்டு இருக்கார். பிரேக் பிடிச்சு, வண்டி ஒரு பக்கம் இழுத்து, எப்படியோ நின்னுச்சு. அவர் திட்டுவார்னு எதிர்பார்த்தேன். திட்டல. என் கையில இருந்த போனைப் பார்த்தார். "பாத்து போம்மா, வீட்ல தேடுவாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுத் தள்ளிட்டுப் போயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எதையாவது பார்த்துப் பயந்தா, அதோட வரலாற்றைத் தேடிப் படிக்கிறது என் பழக்கம். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டா குற்றம்னு முதன்முதல்ல சொன்னது யாரு? தேடினேன். அமெரிக்காவுல அந்தக் கதை தொடங்குறது வாஷிங்டன்லயும் இல்ல, நியூயார்க்லயும் இல்ல. நம்மள்ல நிறைய பேர் பேரே கேட்டிருக்காத ஒரு குட்டி ஊர்ல.

மேயர் காய்னின் ஊர்

அந்த ஊரோட பேர் புரூக்ளின். நீங்க நினைக்கிற நியூயார்க் புரூக்ளின் இல்ல. இது ஒஹையோ மாநிலத்துல, கிளீவ்லேண்ட் நகரத்தை ஒட்டி இருக்கிற ஒரு புறநகர். மக்கள் தொகை 11,000 சொச்சம். நம்ம ஊர்ல ஒரு பெரிய அபார்ட்மென்ட் வளாகத்துலயே அவ்வளவு பேர் இருப்பாங்க.

இந்த ஊருக்கு ஜான் காய்ன்னு ஒரு மேயர் இருந்தார். 1948-ல் பதவிக்கு வந்தார். 1999 வரைக்கும் அவர்தான் மேயர். அரை நூற்றாண்டுக்கும் மேல ஒரே ஆள். அவர் காலத்துல, 1966-ல், இந்த ஊர் ஒரு வேலை செஞ்சது: காருக்குள்ள சீட் பெல்ட் போட்டே ஆகணும்னு உள்ளூர் சட்டம் போட்டது. அமெரிக்காவுல அப்படிச் சொன்ன முதல் ஊர் இதுதான். புது கார்கள்ல சீட் பெல்ட் இருந்தே ஆகணும்ங்கிற தேசிய விதியே 1968-ல்தான் வந்தது. பெல்ட் போடுறதைக் கட்டாயமாக்கின முதல் மாநிலம் நியூயார்க், அது 1984. அதாவது, மாநில அளவுல ஒருத்தர் இதைச் செய்யறதுக்கு 18 வருஷம் முன்னாடியே இந்தக் குட்டி ஊர் செஞ்சிடுச்சு.

அதே ஊர், அதே மேயர், 33 வருஷம் கழிச்சு, 1999 மார்ச்சில் இன்னொரு சட்டத்தை நிறைவேத்துறாங்க. வண்டி ஓடும்போது கையில செல்போன் வெச்சுப் பேசக்கூடாது. இதுலயும் அமெரிக்காவுல முதல் ஊர் அதுதான்.

1999-ஐ கொஞ்சம் கற்பனை பண்ணிப் பாருங்க. உலகத்தோட முதல் எஸ்.எம்.எஸ். போனது 1992 டிசம்பர் 3-ஆம் தேதி, இங்கிலாந்துல. அதுல இருந்தது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஐபோன் வர்றதுக்கு இன்னும் எட்டு வருஷம் இருக்கு. அமெரிக்காவுல டெக்ஸ்ட் பண்ற பழக்கமே பெருசா பரவாத காலம். அதனால புரூக்ளின் சட்டம் பயந்தது மெசேஜைப் பார்த்து இல்ல, பேச்சைப் பார்த்து.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருந்துச்சு. 1997-ல் கனடாவோட டொராண்டோ நகரத்துல இருந்து ஒரு ஆய்வு வந்தது. டொனால்ட் ரெடெல்மையர், ராபர்ட் டிப்ஷிரானி என்ற இரண்டு ஆய்வாளர்கள், விபத்தில் சிக்கின 699 ஓட்டுநர்களோட போன் பில்களை எடுத்துப் பார்த்தாங்க. மொத்தம் 26,798 அழைப்புகள். விபத்து நடந்த நேரத்தையும், அதே ஆள் முந்தைய நாள்கள்ல வண்டி ஓட்டின நேரத்தையும் ஒப்பிட்டாங்க. போன் பேசும்போது விபத்து அபாயம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. கையில பிடிக்காம பேசற கருவி வெச்சிருந்தவங்களுக்கும் அபாயம் குறைஞ்ச மாதிரி தெரியல. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

ஊருக்கு ஒரு சட்டம்

ஒரு சந்தேகம் வரும். ஒரு ஊர் எப்படித் தானா டிராஃபிக் சட்டம் போட முடியும்? இங்க சென்னை மாநகராட்சி நாளைக்குக் கூடி, "எங்க எல்லைக்குள்ள வண்டி ஓட்டிக்கிட்டே போனைத் தொட்டா இவ்வளவு அபராதம்"னு தீர்மானம் போட முடியாது. நம்ம மோட்டார் வாகனச் சட்டம் 1988-ல் நாடாளுமன்றம் போட்டது. அரசியலமைப்புல வாகனங்கள் பொதுப்பட்டியல்ல இருக்கு, அதாவது மத்திய அரசும் மாநில அரசும்தான் சட்டம் போடலாம்.

அமெரிக்காவுல வேற மாதிரி. பல மாநிலங்கள் தங்களோட நகரங்களுக்குத் தன்னாட்சி உரிமை குடுத்திருக்கு. ஒஹையோவும் டெக்ஸஸும் ஒரே வருஷம், 1912-ல், தங்கள் அரசியலமைப்புல இந்த உரிமையை எழுதிச் சேர்த்தாங்க. உள்ளூர் விஷயத்துல ஊரே சட்டம் போட்டுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: மாநிலச் சட்டத்தோட முட்டக்கூடாது.

அந்த நிபந்தனைதான் இந்தக் கதையோட வில்லன்னு நான் முதல்ல நினைச்சேன். பாதி சரிதான். சில இடங்கள்ல உள்ளூர்ச் சட்டம் மாநிலத்தைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்கு. நியூயார்க்ல, லாங் ஐலண்ட் பக்கம் இருக்கிற சஃபோக் கவுன்ட்டி 2000-ல் கையில போன் வெச்சு ஓட்டத் தடை போட்டுச்சு. அடுத்த வருஷமே, 2001 நவம்பர் 1 முதல், நியூயார்க் மாநிலம் முழுக்கத் தடை. அமெரிக்காவுல மாநில அளவுல அதுதான் முதல் சட்டம்.

ஆனா புரூக்ளினோட சொந்த மாநிலம்? ஒஹையோ 2012 ஆகஸ்ட் வரைக்கும் ஒண்ணும் பண்ணல. 2012-ல் பண்ணதும் அரைமனசா. ஓட்டிக்கிட்டே டெக்ஸ்ட் பண்றது குற்றம்தான், ஆனா 18 வயசு தாண்டினவங்களை அந்தக் காரணத்துக்காக மட்டும் போலீஸ் நிறுத்த முடியாது. வேகமா போனீங்க, சிக்னல் தாண்டினீங்கன்னு வேற எதுக்காவது நிறுத்தினாத்தான், கூடவே இதையும் சேர்க்கலாம். கண்ணு முன்னாடி ஒருத்தர் டைப் பண்ணிட்டே போனாலும் போலீஸ் பார்த்துட்டு நிக்கணும். ஒண்ணு மட்டும் நல்லா செஞ்சாங்க: அந்தச் சட்டம் ஊர்களோட கடுமையான சட்டங்களை அழிக்கல.

டெக்ஸஸ்: நாலு முறை தட்டின கதவு

டெக்ஸஸ்ல அழிச்சாங்க.

ஆஸ்டின் நகரம் 2010 ஜனவரி 1 முதல் ஓட்டும்போது டெக்ஸ்ட் பண்ணத் தடை போட்டது. எல் பாஸோவும் சான் அன்டோனியோவும் அதே வருஷம் தங்கள் சட்டங்களைக் கொண்டு வந்தாங்க. மாநிலம் முழுக்க ஒரே சட்டம் வரணும்னு முயற்சி பண்ணவர் டாம் கிராடிக், மிட்லேண்ட் ஊர்க்காரர், குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர், முன்னாள் அவைத்தலைவர். டெக்ஸஸ் சட்டமன்றம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வழக்கமா கூடும். ஒரு தடவை தோத்தா அடுத்த வாய்ப்புக்கு ரெண்டு வருஷம் காத்திருக்கணும்.

2011-ல் ரெண்டு அவையிலயும் ஜெயிச்சுக் கையெழுத்துக்குப் போச்சு. அங்க ஆளுநர்னா தேர்தல்ல ஜெயிச்சு வர்றவர், நம்ம முதல்வர் மாதிரி. அப்போதைய ஆளுநர் ரிக் பெரி வீட்டோ பண்ணிட்டார். வயசுக்கு வந்தவங்களோட ஒவ்வொரு அசைவையும் அரசாங்கம் கண்காணிக்கிற முயற்சி இதுன்னு அவர் வாதம். சட்டம் வேணாம், விழிப்புணர்வு போதும்னார். 2013-ல் பிரதிநிதிகள் அவை தாண்டி செனட்ல செத்தது. 2015-லயும் அதே கதை.

இதுக்கு நடுவுல ஊர்கள் ஒரு பாடத்தைக் கத்துக்கிட்டாங்க. நான் இந்த எபிசோட்ல சொல்ல வந்த விஷயமே இதுதான்.

"டெக்ஸ்ட் பண்ணக்கூடாது"ன்னு சட்டம் போட்டா, ரோட்ல நிக்கிற போலீஸ்காரர் எதை நிரூபிக்கணும்? அந்த ஆள் டெக்ஸ்ட் பண்ணார்னு. ஆனா அவர் கண்ணுக்குத் தெரியறது குனிஞ்ச தலையும், ஒளிர்ற திரையும். "சார், நான் மேப் பார்த்தேன்." "பாட்டு மாத்தினேன்." "நம்பர் டயல் பண்ணேன்." அவ்வளவுதான், வழக்கு முடிஞ்சது. சட்டம் தடுக்க நினைச்சது விரல் செய்யற வேலையை. போலீஸுக்குத் தெரியறது கையை மட்டும்தான்.

அதனால ஆஸ்டினும் சான் அன்டோனியோவும் 2015 ஜனவரி 1 முதல் சட்டத்தை மாத்தினாங்க. என்ன பண்றீங்கன்னு கேட்கவே மாட்டோம். வண்டி ஓடும்போது போன் கையில இருக்கா, இல்லையா? இருந்தா அபராதம். முடிஞ்சது. இதே எளிய கோட்டைத்தான் புரூக்ளின் 1999-லயே கிழிச்சு வெச்சிருந்தது: கை.

2017 மார்ச் 29. டெக்ஸஸ்ல கான்கன் ஊர் பக்கத்துல, நெடுஞ்சாலை 83-ல், ஒரு பிக்கப் டிரக் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ல வந்த ஒரு தேவாலய மினிபஸ் மேல மோதுச்சு. பஸ்ல இருந்த 14 முதியவர்கள்ல 13 பேர் இறந்தாங்க. அந்த டிரக் ரொம்ப நேரமா இப்படியும் அப்படியும் அலைபாய்ஞ்சுட்டே போனதைப் பின்னாடி வந்த காரில் இருந்தவங்க வீடியோ எடுத்திருந்தாங்க, போலீஸுக்கும் போன் பண்ணியிருந்தாங்க. போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. டிரக் ஓட்டின 20 வயசுப் பையன், தான் டெக்ஸ்ட் பண்ணிட்டு இருந்ததா சாட்சிகிட்ட சொன்னான். ஒண்ணு நேர்மையா சொல்லிடணும்: விசாரணையில அவன் கஞ்சாவும் ஒரு மயக்க மாத்திரையும் எடுத்திருந்ததும் தெரிய வந்தது. போன் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது.

கிராடிக்கோட நாலாவது மசோதா அந்த விபத்துக்கு முன்னாடியே பிரதிநிதிகள் அவையைத் தாண்டிடுச்சு. இந்தத் தடவை செனட்டும் விட்டது. 2017 ஜூன் 6-ஆம் தேதி ஆளுநர் கிரெக் அபாட் கையெழுத்துப் போட்டார். செப்டம்பர் 1 முதல் அமல். முதல் தடவை 25 டாலர்ல இருந்து 99 டாலர் வரை அபராதம்.

சந்தோஷமான முடிவா? ரெண்டு விஷயம் பாருங்க. முதல் விஷயம், இந்தச் சட்டம் மெசேஜைப் படிக்கிறது, எழுதறது, அனுப்பறது, இதை மட்டும்தான் தடுக்குது. மேப் பார்க்கலாம், பாட்டு மாத்தலாம். ஊர்கள் கஷ்டப்பட்டுத் தாண்டின அதே பள்ளத்துல மாநிலம் போய் விழுந்தது. ரெண்டாவது, டெக்ஸ்ட் பத்தின உள்ளூர்ச் சட்டங்கள் எல்லாத்தையும் அந்த மாநிலச் சட்டம் ரத்து பண்ணிடுச்சு. போனைக் கையில பிடிக்கவே கூடாதுன்னு போட்டிருந்த ஆஸ்டின், சான் அன்டோனியோ மாதிரி ஊர்கள் தப்பிச்சாங்க. அதையும் விடக்கூடாது, ஊருக்கு ஒரு விதி இருந்தா ஓட்டுநர்கள் குழம்பிடுவாங்கன்னு அபாட் சிறப்புக் கூட்டத்தொடர்ல முயற்சி பண்ணார். நிறைவேறல.

அவர் சொன்னதுலயும் நியாயம் இருக்கு. ஒரு மணி நேரப் பயணத்துல நாலு ஊர் எல்லையைத் தாண்டறவருக்கு, எந்த ஊர்ல என்ன விதின்னு எப்படித் தெரியும்? ஆனா அதுக்குப் பதில், இருக்கிறதுலயே உறுதியான விதியை எல்லாருக்கும் ஆக்கியிருக்கலாமே.

சட்டம் வேலை செய்யுதா?

இதைக் கேட்காம விட முடியாது. 2010-ல், அமெரிக்கக் காப்பீட்டுத் துறையோட ஆய்வு அமைப்பு ஒண்ணு, டெக்ஸ்ட் தடை வந்த நாலு மாநிலங்களோட விபத்துக் கணக்கைப் பார்த்தது. விபத்து குறையல. சில இடங்கள்ல லேசா கூடியிருந்தது. போலீஸ் கண்ணுல படாம இருக்க, ஜனங்க போனை மடிக்குக் கீழ இறக்கிட்டிருக்கலாம், அதனால கண்ணு ரோட்டை விட்டு இன்னும் தூரம் போயிருக்கலாம்னு அவங்க யூகம்.

2014-ல் வந்த இன்னொரு ஆய்வு வேற கேள்வி கேட்டது: எந்த மாதிரி தடை? போலீஸ் நேரடியா நிறுத்தலாம்னு சொன்ன மாநிலங்கள்ல சாலை மரணங்கள் சுமார் 3 சதவீதம் குறைஞ்சிருந்தது. வேற காரணத்துக்கு நிறுத்தினாத்தான் பிடிக்கலாம்னு இருந்த மாநிலங்கள்ல குறிப்பிடும்படி ஒண்ணும் குறையல. அரைமனசுச் சட்டம் காகிதத்துலதான் இருக்கும்.

அப்போ நேரடியா நிறுத்தற அதிகாரத்தைக் குடுக்க ஏன் இத்தனை தயக்கம்? எல்லாமே சோம்பேறித்தனம் இல்ல. போலீஸ் யாரை நிறுத்துவாங்கங்கிறது அமெரிக்காவுல ஆறாத காயம். கறுப்பின ஓட்டுநர்களை நிறுத்த இது இன்னொரு சாக்கு ஆயிடும்னு பயந்தவங்க இருந்தாங்க, அந்தப் பயம் நியாயமானது. கடைசியா ஒஹையோ 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி முழுச் சட்டத்தைக் கொண்டு வந்தப்போ, டிக்கெட் எழுதற போலீஸ் ஓட்டுநரோட இனத்தையும் பதிவு பண்ணணும்னு சேர்த்தாங்க. யாரை நிறுத்தறாங்கன்னு கணக்குப் பார்க்க. அந்தச் சட்டத்துல போலீஸ் நேரடியா நிறுத்தலாம். போன் கையில இருக்கக்கூடாது, சில விலக்குகளோட.

புரூக்ளின் 1999. ஒஹையோ 2023. நடுவுல 24 வருஷம். மேயர் காய்ன் கடைசிப் பதவிக்காலத்துல போட்ட கோட்டுக்கு, அவரோட மாநிலம் வந்து சேர அவ்வளவு நாள் ஆச்சு. மொன்டானாவுல 2024 வரைக்கும் மாநிலச் சட்டமே இல்ல. அங்க பில்லிங்ஸ், போஸ்மன், மிசூலா மாதிரி ஊர்கள் தங்கள் எல்லைக்குள்ள தாங்களே தடை போட்டுக் காவல் காக்கறாங்க.

2022-ல் மட்டும் அமெரிக்காவுல கவனச்சிதறலால நடந்த விபத்துகள்ல 3,308 பேர் இறந்ததா அரசு கணக்கு சொல்லுது. அதுல போன் ஒரு பங்கு.

இளநீர் வண்டி

நம்ம ஊருக்கு வருவோம். 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டம், அபாயகரமா ஓட்டறதுன்னா என்னன்னு சொல்ற இடத்துல, கையில பிடிக்கிற தொடர்புக் கருவியைப் பயன்படுத்தறதையும் சேர்த்தது. "கை". புரூக்ளினோட அதே சொல். ஆனா 2020-ல் மத்திய அரசு விதியில ஒரு சின்ன விலக்கு வந்தது: கவனம் சிதறாம, வழி பார்க்க மட்டும் கருவியைப் பயன்படுத்தலாம். "சார், மேப் பார்த்தேன்." டெக்ஸஸ் விழுந்த பள்ளம் ஞாபகம் வருதா?

வர்ஜீனியாவுல 2009-ல் லாரி ஓட்டுநர்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. டெக்ஸ்ட் பண்ணவங்க, ஆபத்தான நிலைமை வந்த அந்த 6 விநாடியில 4.6 விநாடி ரோட்டைப் பார்க்கவே இல்ல. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஸ்கூட்டர் அன்னிக்கு 40 கிலோமீட்டர் வேகத்துல போயிருந்தா, 4.6 விநாடியில 50 மீட்டர் தாண்டியிருக்கும். நாலு மாநகரப் பேருந்தை வரிசையா நிறுத்தினா வர்ற நீளம். அவ்வளவு தூரம் நான் கண்ணை மூடிட்டு ஓட்டியிருக்கேன். "வந்துட்டே இருக்கேன்"னு சொல்றதுக்காக.

அந்தப் பெரியவர் எந்தச் சட்டமும் சொல்லல. என் முகத்தை அவர் பார்க்கல. மேப் பார்த்தேனா, மெசேஜ் பார்த்தேனான்னு கேட்கல. என் கையைத்தான் பார்த்தார். அது அவருக்குப் போதுமா இருந்துச்சு.

இப்போ என் போன் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில போகுது. "எங்க இருக்க?"ன்னு கேட்கிறவங்களுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பதில். ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டாங்க, பரவாயில்ல.

டொராண்டோ ஆய்வோட கடைசி வரியை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன் இல்லையா? கை சும்மா இருந்தாலும் அங்க அபாயம் குறைஞ்ச மாதிரி தெரியல. அதனால ஒரு வேண்டுகோள். இந்த எபிசோடை நீங்க ஹெட்போன் மாட்டிட்டு வண்டி ஓட்டிக்கிட்டே கேட்டுட்டு இருந்தீங்கன்னா, ஓரமா நிறுத்திட்டு என்னையும் நிறுத்திடுங்க. வீட்டுக்குப் போய் மிச்சத்தைக் கேளுங்க. நான் எங்கயும் போயிட மாட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.